மதுரையில் இருந்துகொண்டு பௌலிங் போட்டிகளில் சம்பாதிக்க முடியுமா?

கேட்டிருப்பவர் மதுரைக்காரர். வயது 24, தனியார் கம்பெனியில் வேலை. மாலில் இருக்கும் கேம் சென்டரில் இரண்டு வருடமாக பௌலிங் ஆடுகிறார்; பந்தை உருட்டி, எதிரே நிற்கும் பத்துப் பின்களை (கட்டைகளை) விழவைக்கும் ஆட்டம் அது. சராசரியாக 160 எடுக்கிறார், அதிகபட்சம் 214. அங்கே பின்களின் தலையில் கயிறு கட்டியிருக்கும் என்றும், அங்கேயே கிடக்கும் பந்துகளில்தான் ஆடுகிறார் என்றும் எழுதியிருக்கிறார். சென்னை, பெங்களூரு ஓபன் போட்டிகளின் பரிசுத் தொகையைப் பார்த்ததும் ஆசை வந்திருக்கிறது. சொந்தமாகப் பந்து வாங்கி மாதம் ஒரு போட்டி ஆடினால் வருமானம் வருமா, வேலையை விட்டுவிடலாமா, முதலில் என்ன பந்து வாங்குவது என்று மூன்று கேள்விகள். இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: போய் வரும் செலவு போகக் கையில் ஏதாவது நிற்குமா, நிற்க வேண்டுமானால் ஆட்டம் எந்த அளவுக்கு இருக்க வேண்டும்?

வேலையை விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் எழுதப் போவதெல்லாம் பௌலிங்கை நீங்கள் தீவிரமாக ஆட வேண்டும் என்ற எண்ணத்தில்தான். தீவிரமாக ஆடுவதற்குக் காசு வேண்டும். அந்தக் காசு உங்கள் சம்பளத்தில் இருந்துதான் வரப் போகிறது.

பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டிக்கோ கபடிப் போட்டிக்கோ நோட்டீஸ் அடித்தால், முதல் பரிசு இவ்வளவு, உபயம் இன்னார் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அங்கே பரிசில் பெரும்பகுதி ஊர்ப் பெரியவர்களும் கடைக்காரர்களும் கொடுப்பது. நுழைவுக் கட்டணம் பந்துக்கும் மைக் செட்டுக்கும் போகும். பௌலிங் ஓபன் போட்டியில் நிலைமை நேர்மாறு. ஸ்பான்சர் கிடைத்தால் நல்லது, ஆனால் அடிப்படைப் பரிசுத் தொகை ஆடுகிறவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணத்தில் இருந்தே திரள்கிறது. லேன் (பந்து உருளும் ஓடுபாதை) வாடகையும் நிர்வாகச் செலவும் போக மிச்சம்தான் பரிசு. அதாவது ஆடுகிற எல்லோருடைய பணமும் கொஞ்சம் தேய்ந்து, ஒரு சிலர் கைக்குத் திரும்பி வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கையில் வரும் நோட்டீஸில் உள்ளதை இதே மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். 64 பேர், ஆளுக்கு 3,500 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்தால் 2,24,000 ரூபாய். தகுதிச் சுற்றில் ஆளுக்கு 6 ஆட்டம், ஆட்டத்துக்கு 150 ரூபாய் லேன் கட்டணம் என்றால் 57,600 அதில் போய்விடும். இறுதிச் சுற்று லேன், கோப்பை, ஆட்கள் கூலி என்று 25,000 வையுங்கள். மிச்சம் 1,41,400. முதல் பரிசு 40,000, இரண்டாவது 25,000, மூன்றாவது 15,000, நான்காவது 10,000, ஐந்து முதல் எட்டு வரை தலைக்கு 6,000, ஒன்பது முதல் பதினாறு வரை தலைக்கு 3,400 என்று பிரித்தால் பணம் தீர்ந்துவிடும். பதினாறாவது வந்தவருக்குக் கட்டிய பணம்கூட முழுதாகத் திரும்பவில்லை. 64 பேருக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு 2,200 ரூபாய்தான் தேறும்.

இதன் மேல் மதுரையில் இருந்து போய் வரும் செலவு ஏறுகிறது. வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி சனி காலை எழும்பூரில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ரயில், அறை, சாப்பாடு, ஆட்டோ, லேனைப் பழக நாலைந்து ஆட்டம் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் என்றால், நுழைவுக் கட்டணத்தோடு ஒரு போட்டிக்கு 11,000 ஆகிறது. மேலே போட்ட பட்டியலில் நான்காவது வந்தாலும் கையில் இருந்து ஆயிரம் ரூபாய் போகிறது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் மிச்சம். இன்னொரு விதமாகச் சொன்னால், சராசரி ஆட்டக்காரரின் பங்கைப் போல ஐந்து மடங்கை ஒவ்வொரு தடவையும் நீங்கள் எடுத்தால்தான் செலவு சரிக்கட்டும். லேனுக்குப் பக்கத்திலேயே வீடு உள்ள சென்னைக்காரருக்கு அந்த 7,500-ல் பெரும்பகுதி கிடையாது. உங்களுக்கும் அவருக்கும் ஆட்டத் திறமை ஒன்றாகவே இருந்தாலும், வருட முடிவில் அவர் கணக்கும் உங்கள் கணக்கும் ஒன்றாக இருக்காது.

ஸ்பான்சர்கள் ஏன் குறைவு என்பதற்கும் காரணம் உண்டு. பௌலிங் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டு ஆனதே இல்லை. 1988 சியோலில் காட்சி விளையாட்டாக மட்டும் வைத்தார்கள். ஆசிய விளையாட்டில் 1978 பாங்காக்கில் நுழைந்து, 2018-ல் பாலெம்பாங் வரை வந்து, ஹாங்சோவில் விடுபட்டது. பதக்கம் இல்லாத இடத்துக்கு அரசுப் பணமும் கம்பெனிப் பணமும் மெதுவாகத்தான் வரும். தமிழ்நாட்டில் ஆட்டக்காரர்களுக்குக் குறைவில்லை. தேசிய சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்ற ஷபீர் தன்கோட் நம் மாநிலத்தவர்தான். அந்தத் தரத்தில் ஆடுகிறவர்களோடுதான் ஓபன் போட்டியில் நீங்கள் நிற்கப் போகிறீர்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். அமெரிக்காவில் பிபிஏ என்ற தொழில்முறைச் சங்கம் 1958-ல் இருந்து நடக்கிறது. 2021-ல் அவர்களுடைய பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் கைல் ட்ரூப் வென்ற முதல் பரிசு 2,50,000 டாலர். இணையத்தில் சுற்றும் பெரிய தொகைகள் இந்த மாதிரி இடத்தில் இருந்து வருபவை. அங்கேயும் முன்வரிசையில் உள்ள சிலரைத் தவிர மற்றவர்கள் பயிற்சி கொடுத்தோ, பந்துக் கம்பெனிகளின் ஒப்பந்தத்திலோ, வேறு வேலை பார்த்தோதான் ஓட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டே இரண்டு கையாலும் பந்தைத் தூக்கி வீசி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். அவருடைய பெற்றோர் பௌலிங் கூடமே வைத்திருந்தார்கள். நடை பழகும் வயதில் லேன் கிடைத்த பிள்ளை அவர்.

இதுவரை சொன்னது கூட்டல் கழித்தல், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உங்கள் ஆட்டம் எங்கே நிற்கிறது என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது. அதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு.

உங்கள் 160-ஐ அப்படியே சென்னைக்குக் கொண்டுபோக முடியாது. கயிறு கட்டிய பின்னும் தனியாக நிற்கும் பின்னும் ஒரே மாதிரி விழுவதில்லை. தனிப் பின் சரிந்து, உருண்டு, பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து இன்னொன்றைத் தட்டும். கயிறு அந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தும்; சில சமயம் கயிறே இன்னொரு கயிற்றை இழுத்து, விழ வேண்டாத பின்னை விழவும் வைக்கும். அதனால்தான் அமெரிக்காவில் விதிகளை வகுக்கும் அமைப்பான அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் (யுஎஸ்பிசி) கயிறு பின் ஆட்டத்தைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. கயிறு பின்னில் எடுத்த சராசரியைத் தனிப் பின் சராசரியோடு ஒப்பிடக் கூடாது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: கயிறு பின்னில் ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே பத்தும் விழுவது) பொதுவாகக் குறைவாகத்தான் விழும். அந்த விதத்தில் உங்கள் 160 கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது எனலாம். ஆனால் அடுத்து வருவது எதிர்த்திசையில் இழுக்கும்.

அது எண்ணெய். போட்டி லேனில் ஃபவுல் லைனில் (பந்தை விடும்போது கால் தாண்டக் கூடாத கோடு) இருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கு மெஷின் வைத்து எண்ணெய் பூசுவார்கள். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் ஆட்டத்தையே அதுதான் தீர்மானிக்கிறது. லேன் அகலம் 41.5 அங்குலம், அதில் 39 பலகைக் கோடுகள். சாதாரணமாகக் கூடங்களில் போடும் பேட்டர்னில் (எண்ணெய் பூசும் அமைப்பில்) நடுவே எண்ணெய் கனமாகவும், இரு ஓரத்திலும் மெல்லிசாகவும் இருக்கும். வலது கைக்காரர் பந்தைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டாலும் காய்ந்த இடத்தில் பந்து பிடித்துத் திரும்பி வந்துவிடும். உள்ளே விட்டுவிட்டால் எண்ணெயில் வழுக்கி அதிகம் திரும்பாமல் நிற்கும். இரண்டு தப்பையும் லேனே சரிசெய்து கொடுக்கிறது. நடுவுக்கும் ஓரத்துக்கும் எண்ணெய் வித்தியாசம் அங்கே 8-க்கு 1, 10-க்கு 1 என்றுகூடப் போகும். ஸ்போர்ட் பேட்டர்ன் என்று போட்டியில் போட்டால் அது 3-க்கு 1-ஐத் தாண்டாது. அங்கே ஒரு பலகை தப்பினால் ஒரு பலகைக்கான தண்டனை கிடைக்கும். கூடத்து லேனில் 190 ஆடுகிறவர் முதல்முறை ஸ்போர்ட் பேட்டர்னில் 160-க்கு இறங்குவது சாதாரணம். எண்ணெயே பார்க்காமல் பழகியவருக்கு முதல் நாள் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கும். மனம் தளர வேண்டாம், எல்லோரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

பேட்டர்னின் நீளத்தை நோட்டீஸிலோ, போட்டிக்கு முந்தைய நாளோ சொல்வார்கள். அதை வைத்து ஒரு சின்னக் கணக்கு உண்டு: நீளத்தை அடியில் எடுத்து 31-ஐக் கழித்தால், பந்து எண்ணெயை விட்டு வெளியேறித் திரும்பத் தொடங்கும்போது எந்தப் பலகையில் இருக்க வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 41 அடி பேட்டர்ன் என்றால் 10-ஆம் பலகை. 36 அடி என்றால் 5-ஆம் பலகை, கிட்டத்தட்ட ஓரம். பலகையை வலது கைக்காரர் வலப்பக்கம் இருந்து எண்ண வேண்டும். இது தொடங்குவதற்கான இடம் மட்டுமே. நாலு பேர் ஆடியதும் எண்ணெய் தேய்ந்து, இடம் மாறி, காலையில் வேலை செய்த கோடு மத்தியானம் வேலை செய்யாது. பந்து பாக்கெட்டை (வலது கைக்காரருக்கு முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் நடுவே உள்ள இடம்) தாண்டி இடப்பக்கம் ஏறி அடிக்க ஆரம்பித்தால் கால் வைக்கும் இடத்தையும் இரண்டு பலகை இடப்பக்கம் மாற்றுங்கள். எந்தப் பக்கம் தப்புகிறதோ அந்தப் பக்கமே நகர வேண்டும். இதைத் தாமதமாகச் செய்வதுதான் புதிதாகப் போட்டிக்கு வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு. ஒரு பந்து அப்படி ஏறி அடித்தால் கை தப்பு என்று நினைப்பார்கள், இரண்டாவது அடித்தாலும் அப்படியே. மூன்றாவதில் ஸ்பிளிட் (மிஞ்சிய பின்கள் இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி நிற்பது) விழும்போது ஆட்டம் கையை விட்டுப் போயிருக்கும்.

நேராக வீசும் பந்தில் ஏன் முன்னேற முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபவுல் லைனில் இருந்து முதல் பின் 60 அடி. லேனின் ஓரத்தில் இருந்து நேராக வீசினாலும் பந்து பாக்கெட்டுக்குள் நுழையும் கோணம் ஒன்றரை டிகிரிக்கு மேல் வராது. ஸ்ட்ரைக்குக்கு மிகவும் தோதான கோணம் 6 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சரியாக விழுந்த ஒரு ஸ்ட்ரைக்கை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: பந்து தொடுவது நாலே நாலு பின், 1, 3, 5, 9 (முன்னால் தனியாக நிற்பது 1; அதன் பின்னால் உள்ள வரிசைகளை இடமிருந்து வலமாக எண்ணினால் 2 முதல் 10). ஒன்று இரண்டைத் தள்ள, இரண்டு நாலையும் நாலு ஏழையும் தள்ளும். மூன்று ஆறையும் ஆறு பத்தையும் தள்ளும். ஐந்து எட்டைத் தள்ளும். நேர்ப் பந்து ஒன்றில் மோதியதும் வலப்பக்கம் விலகிப் போய், ஐந்தைத் தொடாமலே போய்விடும். திரும்பி வரும் பந்துக்குத்தான் விலகாமல் உள்ளே புகும் வலு இருக்கிறது. கேம் சென்டரில் கிடைக்கும் பிளாஸ்டிக் பந்து அதிகம் திரும்பாது. பிடியும் விரல்கள் இரண்டாம் கணு வரை உள்ளே போகிற பிடி. ரியாக்டிவ் ரெசின் பந்தும் (லேனைப் பிடித்துத் திரும்பும் மேலோடு உள்ளது), உங்கள் கைக்கு அளந்து விரல் நுனிப் பிடிக்குத் துளையிட்டதும் இருந்தால்தான் அந்தக் கோணம் கைக்கு வரும்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் நிலையில் பணம் ஸ்ட்ரைக்கில் இல்லை, ஸ்பேரில் (முதல் பந்தில் மிஞ்சியதை இரண்டாவது பந்தில் விழவைப்பது) இருக்கிறது. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லாமல், ஆட்டத்தின் பத்து ஃப்ரேமில் (சுற்றில்) ஒவ்வொன்றிலும் முதல் பந்தில் 9, இரண்டாவது பந்தில் மிச்சம் ஒன்று என்று எடுத்தால் மொத்தம் 190 வருகிறது. அதில் ஒரே ஒரு ஸ்பேரைத் தவறவிட்டால் போவது ஒரு பின் அல்ல, அடுத்த பந்தின் போனஸும் சேர்ந்து பத்து. 6 ஆட்டத்தில் ஆட்டத்துக்கு இரண்டு ஒற்றைப் பின்னை விட்டால் 120 பின் போய்விட்டது. பணம் கிடைக்கும் கோட்டுக்கு மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையே 6 ஆட்ட மொத்தத்தில் பத்து இருபது பின் வித்தியாசம்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஸ்பேருக்கென்று ஒரு பிளாஸ்டிக் பந்து, எண்ணெயைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகப் போக, கட்டாயம் வேண்டும். பத்தாம் பின்னுக்கு இடப்பக்கம் நின்று லேனுக்குக் குறுக்கே வீசுங்கள். இடப்பக்கப் பின்களுக்கு, ஸ்ட்ரைக் கோட்டில் நிற்கும் இடத்தில் இருந்து 2-ஆம் பின்னுக்கு 3 பலகை, 4-க்கு 6, 7-க்கு 9 பலகை வலப்பக்கம் நகர்ந்து, லேனில் வரைந்திருக்கும் அதே அம்புக்குறியைப் பார்த்து வீசும் முறை பலருக்கும் வேலை செய்கிறது. உங்கள் பந்து திரும்பும் அளவுக்கு ஏற்ப ஒன்றிரண்டு பலகை கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்.

மதுரையிலேயே இதற்கு ஒரு நோட்டுப் போடலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டே எண்கள் எழுதுங்கள்: முதல் பந்தில் சராசரியாக எத்தனை பின், ஒற்றைப் பின் நின்றதில் எத்தனையில் எத்தனை எடுத்தீர்கள். மொத்த ஸ்கோர் அதிர்ஷ்டத்தில் ஏறும் இறங்கும், ஆட்டத்துக்கு ஆட்டம் இருபது முப்பது பின் கூடிக் குறைவது இயல்பு. இந்த இரண்டு எண்களும் அவ்வளவு பொய் சொல்லாது. ஒற்றைப் பின் நூற்றுக்குத் தொண்ணூறைத் தொடும் வரை எந்தப் போட்டிக்கும் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். கயிறு பின் லேனாக இருந்தாலும் ஸ்பேர் பழக்கத்துக்கு அது போதும். நேராகக் குறி வைப்பதற்குக் கயிறு தடையில்லை.

அடுத்து, தனிப் பின் உள்ள, எண்ணெய் போடும் லேனில் உங்களை அளந்து பார்க்க வேண்டும். சென்னை, பெங்களூரு இரண்டுமே கைக்கு எட்டும் தூரம்தான். பெங்களூருக்கு 2024 ஆகஸ்ட் கடைசியில் மதுரையில் இருந்து வந்தே பாரத் விட்டபிறகு பகலில் எட்டு மணி நேரத்தில் போய்விடலாம். இரவில் போக மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விமானத்தைக் கணக்கில் வைக்காதீர்கள். 15 பவுண்டு பந்து ஒன்று 6.8 கிலோ. மூன்று பந்து, ஷூ, பை என்று சேர்ந்தால் 22 கிலோவைத் தாண்டும். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோதான் அனுமதி. வார நாளில் கட்டணம் குறைவாக இருக்கும்போது போய், இரண்டு நாளில் 6 ஆட்டம் வீதம் நாலு தடவை ஆடுங்கள். தொடர்ச்சியாக 6 ஆட்டம் ஆடுவதே ஒரு பாடம். கிட்டத்தட்ட நூறு தடவை 6.8 கிலோவை வீசுகிறீர்கள். நாலாவது ஆட்டத்தில் பெருவிரல் வீங்கும், பந்தை விடும்போது வழுக்கிக் கொடுக்கும் காலின் முட்டி வலிக்கும், வேகம் குறையும், வேகம் குறைந்ததும் பந்து முன்னதாகத் திரும்பும். அந்த 24 ஆட்டத்தின் சராசரி 180-க்குக் கீழே இருந்தால் ஓபன் பிரிவில் பணம் வருவது கடினம். 180-க்கும் 200-க்கும் நடுவில் இருந்தால் ஹேண்டிகேப் போட்டிகளில் (சராசரி குறைந்தவருக்குக் கூடுதல் பின் கொடுத்துச் சமன்செய்யும் போட்டிகள்) அவ்வப்போது நுழைவுக் கட்டணம் திரும்பலாம். ஸ்போர்ட் பேட்டர்னில் 200-க்கு மேல் நிலையாக நிற்கும்போதுதான் நீங்கள் கேட்ட கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். இந்த எல்லைகள் தோராயமானவை; வருகிற ஆட்களைப் பொறுத்து போட்டிக்குப் போட்டி நகரும். இதே இடத்தில் போன மூன்று போட்டிகளில் கடைசிப் பரிசு எத்தனை பின்னுக்குக் கிடைத்தது என்று நடத்துகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்த எண் என் மதிப்பீட்டைவிடப் பல மடங்கு உபயோகமானது.

பணம் கட்டுவதற்கு முன் நோட்டீஸை வரிவரியாகப் படியுங்கள். பரிசுத் தொகை உறுதியானதா, அல்லது இத்தனை பேர் வந்தால்தான் என்று அடியில் போட்டிருக்கிறதா? எத்தனை பேருக்குப் பணம்? நாலில் ஒருவருக்கா, எட்டில் ஒருவருக்கா? முதல் பரிசு மட்டும் பெரிதாக இருந்து மற்றவை சுருங்கியிருந்தால் உங்களைப் போலப் புதிதாக வருகிறவருக்கு அது தோதான போட்டி அல்ல. ஹேண்டிகேப் எந்தச் சராசரியில் இருந்து, எத்தனை சதவீதம், உச்சவரம்பு எவ்வளவு? அதற்கு எந்தச் சராசரியை ஏற்றுக்கொள்வார்கள்? வேண்டுமென்றே குறைவாக ஆடிச் சராசரியை இறக்கி ஹேண்டிகேப் வாங்குவதைப் பற்றி யாராவது காதில் ஓதுவார்கள். செய்யாதீர்கள். இந்தச் சின்ன வட்டத்தில் ஒரு தடவை பேர் கெட்டால் எந்தக் கூடத்திலும் பிறகு மதிப்பு இருக்காது. மறு நுழைவு உண்டா என்பதுதான் மதுரைக்காரருக்கு மிக முக்கியமான வரி. சிறந்த 6 ஆட்டத் தொகுப்பு மட்டும் கணக்கில் வரும் போட்டியில், உள்ளூர்க்காரர் வாரம் முழுவதும் மூன்று நாலு தடவை நுழைந்து ஆடலாம். நீங்கள் சனிக்கிழமை ஒரு தடவை ஆடிவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். மறு நுழைவு இல்லாத, ஒரு தடவை ஆடி முடிக்கும் போட்டிகளையே தேர்ந்தெடுங்கள். நோட்டீஸில் இல்லாமல் தனியாக ஆட்டத்துக்கு ஆட்டம் பணம் வைத்து ஆடக் கூப்பிட்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பொருள் விஷயத்தில் சில எச்சரிக்கைகள். ரியாக்டிவ் பந்து அமெரிக்காவிலேயே 150-இல் இருந்து 250 டாலர். சரக்குக் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து இங்கே வரும்போது உயர்வகைப் பந்து எளிதாக 20,000 ரூபாயைத் தாண்டும். அதை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய கார் அடுப்பாகக் கொதிக்கும். அந்தச் சூட்டிலிருந்து ஏசி கூடத்துக்குப் போகும்போது மேலோடு வெடித்துவிட வாய்ப்புண்டு. மொட்டைமாடி அறை, பரண் இரண்டும் அதே கணக்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் எண்ணெயைத் துணியால் துடையுங்கள். அறுபது ஆட்டத்துக்கு ஒருமுறையாவது மேற்பரப்பைத் தேய்த்துப் புதுப்பிக்காவிட்டால் பந்து எண்ணெய் குடித்துச் சோம்பிவிடும். ஆனால் போட்டிச் சுற்று தொடங்கிய பிறகு பந்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் அந்த ஆட்டம் செல்லாது. பழைய பந்தை மலிவாக வாங்கினால் பிடிக்கு வேண்டிய துளைகளைத் தவிர வேறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். எடைச் சமனுக்காகப் போடும் அந்தக் கூடுதல் துளையை அமெரிக்க விதிகள் 2020 ஆகஸ்டில் இருந்து அனுமதிப்பதில்லை. அதை அடைக்கச் செலவாகும். பெருவிரல் துளை மட்டும் சரியாக இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். தளர்வாக இருந்தால் பந்தை இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கிப் பிடித்தால் விடும் நேரம் தாமதமாகும், முன்கை வலிக்கும், பந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் ஒரு டேப், விரல் வீங்கியதும் அதை உரித்துவிடுவது என்று உள்ளே டேப் ஒட்டி அளவைச் சரிசெய்துகொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டை வைத்துச் சம்பாதிப்பதுதான் நோக்கம் என்றால், பரிசைவிட நிச்சயமான வழிகள் கூடத்தின் பின்பக்கம் இருக்கின்றன. பின் அடுக்கும் மெஷினைப் பழுது பார்ப்பவர், லேனுக்கு எண்ணெய் போடுபவர், கையளந்து பந்துக்குத் துளையிடுபவர், பயிற்சி கொடுப்பவர் என்று இந்தியாவில் நாலு வேலைக்கும் ஆள் குறைவு. ஐடிஐ, டிப்ளமோ படித்து மெஷின் பிடிக்கத் தெரிந்த மதுரைப் பையன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு கூடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தால் சம்பளமும் வரும், கூடம் மூடிய பிறகு ஆடிப் பழக லேனும் கிடைக்கும். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் இந்த வழியாக உருவானவர்கள். வளைகுடாவில் வேலை கிடைப்பவர்களுக்கும் இது பொருந்தும். துபாய், தோகாவில் பெரிய கூடங்கள் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே வாராவாரம் லீக் ஆடலாம். வாராவாரம் ஆடுகிறவர் முன்னேறுவது போல, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போகிறவர் முன்னேற முடியாது.

பரிசு வந்தால் அதுவும் வருமானம்தான், கணக்கில் காட்ட வேண்டும். வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால் அதற்கான சான்றிதழை அன்றைக்கே கேட்டு, அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், அறை வாடகை ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்து, எதைக் கழிக்கலாம் என்று உள்ளூர் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கடைசிக் கேள்வி, எந்தப் பந்து. முதலில் பந்து வாங்காதீர்கள், ஷூ வாங்குங்கள். வாடகை ஷூவில் இரண்டு காலும் ஒரே மாதிரி வழுக்கும். வலது கைக்காரருக்கு இடது கால் வழுக்க வேண்டும், வலது கால் பிடிக்க வேண்டும். அதன் பிறகு 14 அல்லது 15 பவுண்டில் ஒரு பிளாஸ்டிக் பந்து, விரல் நுனிப் பிடிக்குத் துளையிட்டு. துளையிடுபவர் உங்கள் கையை நேரில் அளக்க வேண்டும்; அளவை வாட்ஸப்பில் அனுப்பிச் செய்யும் வேலை இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் முதல் பயணத்தை அதற்கென்றே வையுங்கள். துளையிட்டதும் அங்கேயே இரண்டு ஆட்டம் ஆடி, பெருவிரல் உரசும் இடத்தை அன்றைக்கே சரிசெய்து வாங்கிக்கொண்டு வாருங்கள். நுனிப் பிடி பழக இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை ஸ்கோர் இறங்கும். 16 பவுண்டு வேண்டாம். ஆறாவது ஆட்டத்தில் தோள் இறங்கும்போது அந்த ஒரு பவுண்டு தெரியும். ரியாக்டிவ் பந்தை, பிளாஸ்டிக் பந்தில் ஒற்றைப் பின் கணக்குத் தொண்ணூறைத் தொட்ட பிறகு, நடுத்தர வகையில் ஒன்று மட்டும் வாங்குங்கள். அதிகம் திரும்பும் விலை உயர்ந்த பந்து முதல் பந்தாக இருந்தால், அதன் வேகத்தையும் கோட்டையும் அடக்கவே ஒரு வருடம் போய்விடும்.